அவித்த ஸ்வெட்டர்

நோர்வேயின் பேர்கன் நகரத்தில், சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு பர்னஹாகேயில் எனக்கு வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து வெளியே கொண்டுபோய் நிறுத்துவோம். வெளியே என்றால் வெளியேதான். மேலே ஒரு கூரை ஓரம், சுற்றிலும் காற்று, ஜனவரிக் குளிர். ஒரு வயதுப் பிள்ளை மூக்கு நுனி சிவக்க அங்கே சொகுசாகத் தூங்கும். நான் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கைப்பிள்ளையைத் திறந்த கதவுக்கு நேரேகூடப் படுக்கவைக்க மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நெஞ்சு பதறி, இரண்டு வண்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கூட வேலை செய்யும் டோர்டிஸ் அம்மா இரண்டையும் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டு போனார். பிறகு என் கையைப் பிடித்து, தூங்கும் பிள்ளையின் பின்கழுத்துக்குள் இரண்டு விரலை நுழைக்க வைத்தார். உள்ளே அடுப்படி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. "உல்" என்றார். ஆட்டுக் கம்பளி. தோலை ஒட்டிக் கம்பளி இருந்தால் மழையும் பனியும் ஒன்றும் செய்யாது என்பது இவர்களுக்கு வேதவாக்கு. பெற்றோர் வேறு எதைக் கொடுத்தனுப்ப மறந்தாலும் பர்னஹாகேயில் மன்னிப்பார்கள், கம்பளி உள்ளாடையை மறந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்ததாக டோர்டிஸ் என் ஸ்வெட்டரின் கையைக் கிள்ளிப் பார்த்தார். புறப்படுவதற்கு முந்தின வாரம் நுவரெலியா தெருக்கடையில் ஆசை ஆசையாகப் பேரம் பேசி வாங்கியது அது. "இது பிளாஸ்டிக்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பின்னுகிற நூல் எதுவானாலும் அது ஊல்தான். அது ஆட்டின் முதுகிலிருந்து வந்ததா, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் அந்த அம்மா ஒரு பை நிறைய நூல் உருண்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எனக்கு அப்போது அரைகுறை நோர்வேஜிய மொழி. ஆனால் ஒருத்தி வந்து மடியில் நூலை வைத்தால் லயத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: எனக்கு ஒன்று பின்னித் தா. நானும் கண்ணாலேயே அளவெடுத்து, ஒரு மாதம் ராப்பகலாகப் பின்னி, மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் விழித்த விழி இருக்கிறதே! எனக்கென்று வாங்கித் தந்த நூலாம். அந்த அம்மா அழுதும் சிரித்தும் தீர்த்துவிட்டு, அடுத்த வாரம் அதைவிடப் பெரிய பையோடு வந்தார். இந்த முறை விரலால் என் நெஞ்சில் குத்திக் குத்தி "உனக்கு, உனக்கு, உனக்கு" என்றார்.

பின்னல் எனக்குப் புதிதில்லை. எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் ஒடிந்த குடையின் கம்பிகளைக் கல்லில் தேய்த்துக் கூர்மழுக்கிப் பின்னல் ஊசியாக்கிக்கொள்வோம். பக்கத்து நகரமான ஹட்டனில் வாங்கும் ஊல் பளபளவென்று இருக்கும். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. டோர்டிஸ் எவ்வளவு முகம் சுளித்தாலும் அந்த பிளாஸ்டிக் நூலுக்கு நான் நன்றி கெட்டவளாக மாட்டேன். ஆனி ஆடி மழையில் தோட்டத்தில் எதுவும் காயாது. அந்த நூல் ஸ்வெட்டரை, மலை ஊற்றிலிருந்து வந்து கொட்டும் பீலித் தண்ணீரில் கல்லில் அடித்துத் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். குறையும் இல்லாமல் இல்லை. விறகு வெடித்துப் பொறி பறந்தால் பட்ட இடமெல்லாம் உருகிக் கறுத்த விளிம்போடு ஓட்டை விழும். மூடுபனியில் நனைந்துவிட்டால் போட்டிருப்பதும் ஒன்று, போடாததும் ஒன்று. டோர்டிஸ் தந்த நூலிலோ அதெல்லாம் கிடையாது. கையில் எடுத்தாலே உயிருள்ள ஒன்றைத் தொட்ட மாதிரி சூடு. அந்த நூலில்தான் என் தங்கச்சி செல்விக்குக் கருநீலத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். நெஞ்சுக்குக் குறுக்கே எட்டிதழ் வெள்ளைப் பூக்கள், நோர்வேக்காரர்களின் பூ. இரண்டு வருடத்துக்கு முன்பு ஊருக்குப் போனவர்களிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.

செல்வி இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மகள் ஹரிணிக்கு நாலு வயதாகப்போகிறது. ஹரிணிக்கு வீசிங். குளிர்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கிவிடும். செல்வி விடியக்காலையில் அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற கட்டடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். பிள்ளைக்கு முடியாமல் போனால் செல்விக்கு அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாள் கூலி போய்விடும். பேர் போனால் போகட்டும், முன்பு ஒரு பனிக்காலத்தில் தொலைபேசியில் அந்த விசில் சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு இங்கே வண்டிகளில் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளைகளைப் பார்க்கவே பொறுக்கவில்லை. போன டிசம்பரில் லீவு கிடைத்தது. முடிவு செய்துவிட்டேன். இந்தப் பனிக்கு ஹரிணியைத் தலையிலிருந்து கால்வரை ஆட்டுக் கம்பளிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் மறுவேலை. உடுப்புகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை நூலால் நிரப்பினேன்.

செல்வியிடம் வீடியோவில் சொன்னபோது அவள் முகம் ஒரு மாதிரியானது.

"அக்கா, ஊல் ஒண்ணும் கொண்டாராதீங்க. ஹட்டன்லயே வாங்கிக்கலாம்."

"அது ஊலே இல்லடி, பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக்கா இருந்தா என்னா, காயுதுல்ல?"

"ஒனக்கு அனுப்புனேனே, அது எப்பிடி இருக்கு?"

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய கேமரா கூரைத் தகரத்தைக் காட்டியது.

அவளுக்கு என் நூல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சின்னக் கோபம். சரி, நேரில் போய்ப் புரியவைக்கலாம் என்று கிளம்பினேன். ஹட்டனில் கோச்சி ரயிலை விட்டு இறங்கியதும் அந்தக் குளிர் முகத்தில் அடித்தது. பேர்கன் குளிரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பேர்கனில் குளிர் வெளியில் மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது. லயத்தில் குளிர் நம்மோடு உள்ளே வந்து உட்காரும், படுக்கையிலும் கூடவே படுக்கும். எனக்கென்னவோ வந்த இரண்டாம் நாளே சந்தோஷம் தாங்கவில்லை. செல்வியை இழுத்துக்கொண்டு ஹட்டன் கடைக்குப் போனேன். அவள் வாங்கச் சொல்கிற நூலையும் பார்த்துவிடுவோமே.

முதலாளி உருண்டைகளை மேசையில் உருட்டிவிட்டார். "நல்ல ஊல், தங்கச்சி. சாயம் போகாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு முழ நூலை இழுத்து, அவருடைய தீப்பெட்டியை வாங்கிக் கொளுத்திக் காட்டினேன். நூல் சுருண்டு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பிளாஸ்டிக் நாற்றம். பிறகு என் பையிலிருந்து கம்பளி நூலை எடுத்து அதையும் கொளுத்தினேன். முடி பொசுங்கும் நாற்றத்தோடு கொஞ்சம் கருகி, தானாக அணைந்துபோனது. விரலால் நசுக்கினால் வெறும் சாம்பல்.

"பாத்தீங்களா? அடுப்புக்கிட்ட உக்கார்ற புள்ளைக்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

"நல்லதுதான். அதுக்காகக் கடையக் கொளுத்திறாதீங்க" என்று தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குள் சாமான் வாங்க வந்த பெண்கள் நாலைந்து பேர் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் நூலைத் தடவிப் பார்த்துக் கேட்டாள்: "இத எப்பிடித் தொவைக்கிறது?"

பச்சைத் தண்ணீரில் நனைக்கவேண்டும், தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது, துண்டை விரித்து அதன்மேல் படுக்கவைத்துத்தான் காயவைக்கவேண்டும் என்றேன்.

"படுக்க வைக்கணுமா? தலகாணி வேணாமா?" என்றாள் அவள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சிவப்பு உருண்டையை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தச் சிவப்பில் நாலு உருண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அதற்கப்புறம் ஒன்றைக் கவனித்தேன். காலையில் பிள்ளையை மடுவத்துக்குக் கொண்டுபோகும்போது நானும் வருகிறேன் என்றால், செல்வி "குளிரு, நீங்க தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிடுவாள். குளிராம்! பேர்கனில் இருந்து வந்தவளுக்கு! ஹரிணியோ சாதாரண பிளாஸ்டிக் ஸ்வெட்டரோடு போய் அதோடு திரும்பி வந்தாள். ஒரு நாள் செல்வி மலைக்குப் போனபிறகு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு நானே மடுவத்துக்கு நடந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஹரிணி கருநீலத்தில் ஏதோ ஒன்றைப் போட்டிருந்தாள். தடிமனாக, கோட்டு மாதிரி. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தது. பக்கத்தில் போனேன். நெஞ்சில் வெள்ளைப் பூக்கள், இதழோடு இதழ் ஒட்டி, கண்ணிகளே தெரியாமல். நான் பின்னிய பூக்கள். செல்வியின் உடம்புக்குப் பின்னிய ஸ்வெட்டர் நாலு வயதுப் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கி நின்றது.

பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா பெருமையாகச் சொன்னார். "ஒங்க தங்கச்சி குடுத்த கோட்டும்மா. மடுவத்துலயேதான் வச்சிருக்கோம். எல்லாத் துணியும் வாரா வாரம் அவிக்கிறோம்ல, அதோட இதையும் போட்டு அவிச்சிருவோம். ஒண்ணும் ஆகல. மழைத்தண்ணி மேல நிக்கிறதே இல்ல."

நோர்வேயில் யாராவது கம்பளியை அவித்தேன் என்று சொன்னால் டோர்டிஸ் மயங்கி விழுந்துவிடுவார். நான் ஹரிணியைப் பிடித்து நிறுத்தி, பின்கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. கோட்டின்மேல் தூறல் துளித்துளியாக உருண்டு நின்றது, உள்ளே இறங்கவில்லை. காதை முதுகில் வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. "கூசுது பெரியம்மா" என்று அவள் நெளிந்தாள். பேர்கனில் பெரிய அளவில் பாதச்செருப்பு பின்னி, வேண்டுமென்றே சுடுதண்ணீர் மெஷினில் போட்டுச் சுருக்குவார்கள், தோவிங் என்று அதற்குப் பெயரும் உண்டு. நானே செய்திருக்கிறேன். ஒரு முழு ஸ்வெட்டரை அப்படிச் செய்யலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மதியம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு செல்வி பிள்ளையைப் பார்க்க வந்தாள். இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்கு, தலையில் சாக்கு. நான் அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வேணும்னு செய்யலக்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "மலைக்குப் போட்டுக்கிட்டுப் போனேன். கொழுந்துக் கறை பட்டிருச்சு. சோடா போட்டுத் தகரத்துல அவிச்சேன். பீலியில வச்சு நல்லா அடிச்சேன். பாத்தா கை முழங்கையோட நின்னுருச்சு. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்துப் பாத்தோம். சுடுதண்ணில ஊறுனா எளகும்னு மறுபடியும் அவிச்சேன். இன்னும் சின்னதாப் போச்சு. எளகட்டும் எளகட்டும்னு நாலு தடவ அவிச்சிட்டேன்க்கா. நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சுப் பின்னுனது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க அதிகமாகிறது. அவள் அழுகிறாள், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். ஆயா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். சிரித்துக்கொண்டே நானும் அழுதேன். இரண்டு வருடமாக செல்வி இதைச் சொல்ல முடியாமல் கேமராவைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். தூரம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே திட்டியிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும்.

"போன பனிக்கு இதப் போட்டதுல இருந்துதான் வீசிங் கொறைஞ்சிருக்கு" என்றாள் கடைசியில். அது கோட்டினாலா, பிள்ளை வளர்ந்ததாலா, எனக்குத் தெரியாது. டாக்டர்தான் சொல்லவேண்டும். "ஆனா அடுத்த பனிக்கு இது பத்தாதுக்கா. இப்பவே ஒடம்புல இறுக்குது."

அவ்வளவுதான். அன்று மாலையே வேலை தொடங்கிவிட்டோம். தலையிலிருந்து கால்வரை என்ற என் திட்டம் காற்றில் போனது. கொண்டுவந்த நீல நூல் அத்தனையையும் ஒரே ஸ்வெட்டராகப் பின்னி, வேண்டுமென்றே அவித்து, ஹரிணிக்கு இரண்டு வருடத்துக்குத் தாங்குகிற மாதிரி ஆக்குவது என்று தீர்மானம். உடம்பு நான், கைகள் செல்வி. வேலை விட்டு வந்து, சோறு வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து பின்னுவாள். ஸ்வெட்டர் வளர்ந்துகொண்டே போனது. லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்து "யாருக்கு இது, யானைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஹரிணி அதற்குள் நுழைந்து காணாமல் போய் விளையாடினாள். நடுநடுவே ஹட்டன் சிவப்பில் மெல்லிசாக ஒரு முழுக்கை ஸ்வெட்டரையும் முடித்துக்கொண்டோம். அது என் யோசனை. பேர்கனில் கம்பளி உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. இங்கே நேர்மாறாகச் செய்வோம்: தினமும் துவைக்கிற பிளாஸ்டிக் உள்ளே, மழைக்கும் அடுப்புப் பொறிக்கும் அசையாத கம்பளி வெளியே. டோர்டிஸ் கேட்டால் சண்டைக்கு வருவார். வரட்டும், அவருக்குப் பீலியைக் காட்டுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்தோம். நூல் இனி ஒரு முழம்கூடக் கிடையாது, நான் திரும்பும் நாளும் நெருங்கிவிட்டது. அளவு தப்பினால் ஹரிணிக்கு ஒன்றும் மிஞ்சாது. செல்வி கம்பால் கிண்டினாள், பீலிக்கு எடுத்துப்போய் சவுக்காரம் போட்டு அடித்தாள், திரும்ப அவித்தாள். ஒவ்வொரு தடவை எடுத்துப் பார்க்கும்போதும் நாங்கள் இருவரும் கூச்சல் போட்டோம். சுருங்குகிறது, சுருங்குகிறது! கடைசியில் பிழிந்து உதறிக் காயவைத்து, சிவப்பு ஸ்வெட்டருக்கு மேலே ஹரிணிக்கு மாட்டினோம். உடம்பு, கொஞ்சம் வளர இடம் விட்டு, கச்சிதம். ஆனால் கைகள் பலகை மாதிரி விறைத்துவிட்டன. பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெருளிப் பொம்மையாக நின்றாள். கையில் கொடுத்த பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை. முகம் கோணத் தொடங்கியது.

செல்வி உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"ஏய், வெட்டாதடி! நூல் பிரிஞ்சிரும்!" என்று கத்தினேன்.

"பிரிஞ்சா பிரியட்டும். புள்ள திங்கணும்ல" என்று தோளோடு வைத்து நறுக்கினாள். ஒரு நூல் பிரியவில்லை. அவித்த கம்பளி ஒரே துணியாக இறுகிப்போயிருந்தது. இரண்டு கையும் தரையில் விழுந்தன. ஹரிணி சிவப்புக் கைகளை வீசிக்கொண்டு, நீல உடம்போடு, பிஸ்கட்டை வாயில் திணித்தபடி முற்றத்துக்கு ஓடினாள்.

புறப்படும் அன்று செல்வி அந்த இரண்டு கைகளையும் எடுத்து என் கைகளில் மாட்டிவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை அளவெடுத்தது போல் பிடித்தன. "நான் பின்னுனது. நீங்க வச்சுக்கங்க" என்றாள். கழற்ற மனமில்லாமல் கொழும்பு வெயிலிலும் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

போன வாரம் பேர்கனில் டிராம் நிறுத்தத்தில் நிற்கிறேன், வழக்கமான மழை. இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களோடு யாரும் பேச மாட்டார்கள், கம்பளி விஷயம் ஒன்றைத் தவிர. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் தொட்டுப் பார்த்தார்.

"அருமையான வேலை. ஆனால் இது ஒரு ஸ்வெட்டரின் கை அல்லவா? மற்றது எங்கே?"

"மற்றது வீட்டில் இருக்கிறது" என்றேன்.

"அப்படியானால் சீக்கிரம் வீட்டுக்குப் போய் அதையும் போட்டுக்கொள்ளம்மா, குளிர்கிறது" என்றார் அக்கறையோடு.

சரி என்று தலையாட்டினேன். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் டிராம் வந்து நின்றது. எதில் ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.